போகும்போது கருவாடு, வரும்போது வெங்காயம்

எங்களுக்குக் கலியாணம் பேசியபோது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மலை பார்க்க வேண்டும். குருநகரில் பிறந்து, குருநகரிலேயே வலை பின்னும் வேலைக்குப் போய், குருநகரிலேயே வாழ்க்கைப்படப் போகிறவளுக்கு அது பெரிய ஆசையில்லை என்று நினைத்தேன். கணவரும் சரி என்றார். ரயிலில் கொழும்பு, அங்கிருந்து நுவரெலியா. இரண்டு பேருமாகச் சிறிது சிறிதாகச் சேர்த்தோம்.

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் எண்பத்துமூன்று ஆடிக் கலவரம் வந்தது. தெற்கே இருந்தவர்களே உடுத்த துணியோடு வடக்கே வந்துகொண்டிருந்தபோது, மலை பார்க்கத் தெற்கே போவதை யார் நினைப்பார்கள்? சேர்த்த காசு கணவரின் மீன்பிடி வள்ளத்து எஞ்சினுக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை, எஞ்சின் சோறு போடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

பக்கத்து வளவில் கணவரின் அக்கா இருந்தார், என் மச்சாள். முப்பது வயது. கலியாணப் பேச்சுக்கள் வந்து வந்து போனதில் அலுத்து, தானே வேண்டாம் என்று விட்டவர். மீன் வாங்கிக் காயவைத்து விற்றுச் சீவித்தார். ஒரு ஞாயிறு என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி கேட்டார்.

"மலைதான் வேணுமோ, இல்லாட்டி எங்கையாவது போனால் காணுமோ?"

"எங்கையாவது போனால் காணும் மச்சாள். ஆனால் காசு?"

"காசை வைச்சுக்கொண்டு வெளிக்கிடுற ஆக்கள் நாங்களே? போற வழிதான் காசு தரவேணும்."

அடுத்த சனிக்கிழமைக்கு முதல் அவர் செய்ததைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. கருவாடு மொத்தமாக எடுக்கும் வியாபாரிகள் தலை போனது, வால் முறிந்தது, துண்டு துண்டாய் உடைந்தது எதையும் எடுக்கமாட்டார்கள். அது மீன் காயவைக்கும் வாடிகளில் சும்மா கிடக்கும், அரைவிலைக்கும் குறைவாகக் கொடுப்பார்கள். மச்சாள் அந்த உடைசலை வாங்கி இரண்டு பிஸ்கற் ரின்களில் அடைத்து, மூடியைச் சுற்றித் துணி கட்டினார்.

"கறியிலை போட்டால் எல்லாம் உடைசல்தானே. முழுசாய் ஆர் விழுங்குகினம்?" என்றார்.

காங்கேசன்துறை பஸ்ஸில் ஏறினோம். கொண்டக்டர் மூக்கைச் சுளித்தாலும் ரின்னுக்கு ரிக்கற் கேட்கவில்லை. மருதனார்மடத்தில் இறங்கிச் சந்தை வாசலில் ஒரு சாக்கை விரித்தோம். தோட்டக்காரப் பெண்கள் வந்து முகர்ந்து பார்த்து, விலையைக் கேட்டு, இன்னொரு தடவை கேட்டார்கள். ஒரு மணித்தியாலத்தில் ரின் இரண்டும் காலி. நான் வீட்டுக்குத் திரும்பப் போகிறோம் என்று நினைத்தேன். மச்சாள் அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

அன்று கீரிமலைக் கேணியில் பெண்கள் பகுதியில் இறங்கிக் கை விரல் சுருங்கும் வரை குளித்தோம். காங்கேசன்துறைக் கரையில் உட்கார்ந்து கொண்டுபோன புட்டைச் சாப்பிட்டோம். சீமெந்துத் தொழிற்சாலையின் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கடலைத் தவிர வேறெதையாவது பார்க்க வேண்டும் என்று வெளிக்கிட்டவள்தான் நான். ஆனாலும் வேலையில்லாமல் கடலைப் பார்ப்பது வேறு மாதிரி இருந்தது.

திரும்பும்போது மறுபடி மருதனார்மடத்தில் இறங்கினோம். இன்னும் உடைசல் வியாபாரம் முடியவில்லை. வெங்காயத்திலும் வியாபாரி எடுக்காத பொடி வெங்காயம் இருக்கும். சந்தையில் ஒரு அக்கா அதைத் தனியாகக் குவித்து வைத்திருந்தார். நாற்பதைத் தொடாத வயது, வெற்றிலை போட்ட வாய், எதற்கும் அவசரப்படாத கை. நாங்கள் அதை மலிவாக வாங்கிக் குருநகருக்குக் கொண்டுவந்தோம். எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்கள் கடையிலும் குறைந்த விலையென்று அள்ளிப் போனார்கள். பஸ் காசும் வந்தது, அடுத்த ரின்னுக்கும் காசு வந்தது.

கணவர் இதையெல்லாம் கிழிந்த வலையைப் பொத்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது யாவாரமோ, ஊர் சுத்தலோ?"

"ஊர் சுத்தல்தான்," என்றார் மச்சாள். "யாவாரம் பஸ்காசுக்கு."

அதன் பிறகு இரண்டு சனிக்கு ஒரு சனி கிளம்பினோம். பருத்தித்துறை வெளிச்சவீடு, மணற்காட்டு மணல் மேடு, தொண்டைமானாறு, சாவகச்சேரி. தேத்தண்ணிக் கடைப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. தண்ணீர்ப் போத்தலும் சாப்பாடும் வீட்டிலிருந்து. நத்தாருக்குச் சீலை எடுப்பதில்லை என்று நான் முடிவெடுத்தேன், அது கைமுதல். மச்சாளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. திரும்பி வரும் பஸ் காசைக் கையில் கொண்டுபோகக் கூடாது. கையில் இருந்தால் விற்கும்போது வாய் திறக்காது என்பார்.

ஒருமுறை பஸ்ஸை ஆமிக்காரர் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு இளம் பெடியன் ரின்னைத் திறக்கச் சொன்னான். நான் மூடியின் துணிக்கட்டை அவிழ்த்தேன். அவன் குனிந்தான், முகம் மாறியது. "கரவல," என்றான். கருவாட்டுக்குச் சிங்களச் சொல் அது என்று எனக்கும் தெரியும். ஒரு நெத்தலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மூடியை அவனே அழுத்தி மூடிவிட்டுப் போகச் சொன்னான். பஸ்ஸுக்குள் ஏறிய பிறகு நான் துணியைத் திரும்பக் கட்டினேன். மச்சாள், "ஒரு நெத்தலி நட்டம்," என்றார்.

கார்த்திகை நெருங்கியது. மாரி தொடங்கிவிட்டால் எதுவும் காயாது. ஆகவே வாடிகளில் கிடந்த உடைசல் முழுவதையும் மச்சாள் வாங்கினார். நான்கு ரின். கையிலிருந்த காசெல்லாம் அதில் இருந்தது. விற்று வரும் காசில் தை பிறந்தபின் நெடுந்தீவு போவதாக எண்ணம். அங்கே மச்சாளின் சிநேகிதி ஒருத்தி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கே காட்டுக் குதிரை நிற்குமாம். நான் அதுவரை குதிரையைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.

மருதனார்மடத்தில் சாக்கை விரித்தோம். ஒருவரும் கிட்ட வரவில்லை. தெரிந்த முகங்கள்கூட இரண்டு அடி தள்ளி நடந்தன. ஒரு கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பத்து மணியாயிற்று, பதினொன்றாயிற்று. வெங்காய அக்கா எழுந்து வந்து, ஆனால் கிட்ட வராமல், நின்றார்.

"பிள்ளையள், சட்டி நேரத்திலை கருவாட்டைக் கொண்டுவந்து விரிச்சிருக்கிறியள்?"

"என்ன சட்டி அக்கா?"

"கந்தசட்டி. ஆறு நாள் விரதம். இண்டைக்குத்தான் துவக்கம். இஞ்சை ஒரு வீட்டிலையும் மீன் மச்சம் காய்ச்சாயினம்."

மச்சாள் என்னைப் பார்த்தார். "எங்களுக்குத் தெரிஞ்ச சட்டி கறிச்சட்டிதான்," என்றார் மெதுவாக. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு ரின் கருவாடு, இருண்டு வரும் வானம், கையில் ஒரு சதமில்லை. குருநகர் வரை நடப்பதென்றால் ஆறு மைலாவது வரும். மழை தொட்டால் கருவாடு முழுவதும் பூஞ்சணம் பிடித்துவிடும்.

அக்கா வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் கூடையை அடுக்கத் தொடங்கினார்.

"தூக்குங்கோ. வீடு கிட்டத்தான். வீட்டுக்குள்ளை விடேலாது, நானும் விரதம். தோட்டத்துப் புகையிலைக் குடில் சும்மாதான் கிடக்கு. அதுக்குள்ளை கட்டித் தூக்கி விடுவம். மழையும் படாது, நாயும் எட்டாது."

அப்படியே செய்தோம். அவர் வாசலில் நின்று சொல்லச் சொல்ல நாங்கள் கூரை வளையில் கயிறு போட்டு ரின்களைத் தூக்கிக் கட்டினோம். பிறகு கை கால் கழுவக் கிணற்றில் தண்ணீர் அள்ளித் தந்தார். பனையோலை உமலில் அரைவாசிக்கு வெங்காயம் தந்தார். பஸ் காசும் தந்தார். மச்சாள் காசை வாங்கமாட்டேன் என்று பின்னுக்குப் போனார்.

"பிடியுங்கோ பிள்ளை. உங்கடை சாமான் என்ரை குடிலுக்கை கிடக்கு. நான்தான் பயப்பிட வேணும்."

வீட்டுக்கு வந்ததும் கணவர் ரின்கள் எங்கே என்று கேட்டார். சொன்னேன். "அப்ப உங்கடை முதல் சைவக்காரர் வீட்டு வளையிலை தொங்குது," என்றார். அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. அந்த அக்காவின் வீட்டை நாங்கள் அன்றுதான் கண்டிருந்தோம். மச்சாளுக்கு மட்டும் ஒரு யோசனையும் இல்லை. பொடி வெங்காயத்தைப் பொடி வெங்காயம் என்று சொல்லி விற்கிறவள் ஏமாற்றமாட்டாள் என்றார்.

விரதம் முடிந்து மூன்றாம் நாள் போனோம். அக்கா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து போய் நான்கு ரின்களையும் கொண்டுவந்து வைத்தார். கழுவிக் காயவைத்த வெறும் ரின்கள்.

"பாறணை முடிஞ்ச அடுத்த நாளே எல்லாம் வித்துப்போட்டுது," என்றார். "ஆறு நாள் வாய் கட்டின சனம். ஒழுங்கையாலை போறவையும் கேட்டு வந்திட்டினம். நீங்கள் சொல்லுற விலையிலும் பாக்கக் கூட்டித்தான் குடுத்தனான். உங்களுக்கு விலை சொல்லத் தெரியாது."

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைத் தந்தார். தான் தந்த பஸ் காசையும் வெங்காயக் காசையும் மட்டும் எடுத்துக்கொண்டார். மச்சாள் ஒரு பங்கை நீட்டினார். அக்கா தலையை ஆட்டினார்.

"எனக்கு உது வேண்டாம். நீங்கள் சனிக்குச் சனி எங்கையோ போறியளாம். என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் வள்ளமே ஏறினதில்லை."

அன்று முதல் மச்சாள் வீட்டுச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாங்கக் கலண்டரும் தொங்கியது. விரதம் தொடங்கும் நாள் எங்களுக்கு முக்கியமில்லை, முடியும் நாள்தான் முக்கியம். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலத்தில் எங்கள் பக்கத்தில் மச்சம் குறைத்து மரக்கறி அதிகமாக வாங்குவார்கள். அந்தக் கணக்கை அக்கா பிடித்துக்கொண்டார். அவர்கள் விரதம் எங்களுக்கும், எங்கள் தபசு அவருக்குமாகப் பஸ் காசு தந்தன.

மாசியில் மூன்று பேருமாக நெடுந்தீவு போனோம். குறிகாட்டுவான் துறையில் வள்ளத்தைக் கண்டதும் அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார், கோயிலுக்குள் போவது போல. கடல் கொஞ்சம் எழும்பியதும் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொல்லத் தொடங்கினார். மறுபக்கம் ஒரு ஆச்சி செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். இடையில் மச்சாள் கச்சான் கடலை சாப்பிட்டார்.

சிநேகிதி வீட்டில் இரண்டு இரவு தங்கினோம். வாடகையில்லை. ஒரு உமல் வெங்காயமும் அக்காவின் பழமிளகாயும் கொண்டுபோயிருந்தோம், அவர்களுக்கு அது காசிலும் மேல். முதல் நாள் மாலை, சுண்ணக்கல் மதில்களைத் தாண்டி வெட்டவெளிக்குப் போனபோது குதிரைகள் நின்றன. படத்தில் கண்டது போலப் பெரிதாக இல்லை. கட்டையாக, மண் நிறத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல் மேய்ந்தன. ஒரு குட்டி எங்களைப் பார்த்துவிட்டுத் தாயின் வயிற்றின் கீழ் ஒளித்தது. அக்கா கிட்டப் போகாமல் நின்று பார்த்தார்.

"உதுகளுக்கு ஒருத்தரும் சாப்பாடு வைக்கிறேல்லையோ?" என்று கேட்டார் பிறகு.

"இல்லை அக்கா. தானாய் மேயுறதுதான்."

"நல்ல சீவியம்," என்றார்.

இரவு சிநேகிதி கூழ் காய்ச்சினாள், நண்டும் இறாலும் போட்டு. அக்காவுக்குத் தனியாக மரக்கறிக் கூழ் வைக்கவா என்று கேட்டாள். "இண்டைக்கு என்ன விரதம்?" என்று அக்கா மச்சாளைக் கேட்டார். மச்சாள் யோசித்து, ஒன்றுமில்லை என்றார். அக்கா பிலாவிலையைக் குவளை போலக் கோலி நண்டுக் கூழுக்கே நீட்டினார்.

அடுத்த வருட வைகாசியில் அந்தக் கடற்பாதையில் படகில் போன சனத்தை வெட்டிக் கொன்ற கொடுமைக்குப் பிறகு நாங்கள் தீவுப் பக்கம் போகவில்லை. பஸ்கள் குறைந்தன, பாதைகள் மாறின. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றாலும் எங்காவது போய்க்கொண்டுதான் இருந்தோம். கடைசியாகப் போனது மட்டுவில் அம்மன் கோயிலுக்கு, பங்குனித் திங்களில் அக்கா பொங்குவதற்கு. என் மகளுக்கு அப்போது ஆறு மாதம். பஸ்ஸில் இருக்க இடமில்லை. கொண்டக்டர் எங்கள் மூட்டைகளைப் பின்னால் அடுக்கித் தந்தார். மகள் வெங்காய உமலின் மேல் விரித்த துணியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். மச்சாள் குருநகர் என்றார், அக்கா மருதனார்மடம் என்றார். கேட்டவர், இது எந்த ஊர்ப் பிள்ளையோ என்பது போலக் குழந்தையைப் பார்த்தார், பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், தன் பையை நகர்த்திக் குழந்தையின் காலுக்கு இடம் விட்டார்.