சுரங்கத்துக்குள் போன ஐஸ்

அறுபதுகளின் கடைசியில் தங்கச் சுரங்கத்தின் ரசாயனக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அண்ணன் நிலத்துக்கடியில் பாறை துளைக்கும் கேங்கில் இருந்தான். பெண்கள் கீழே இறங்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே சுரங்கத்தைப் பார்க்காமலேயே சுரங்கச் சம்பளம் வாங்கிய ஆள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.

கீழ் லெவல்களில் பாறையே சுடும். மேலிருந்து அனுப்பும் குளிர்ந்த நீர், குழாயில் பாதி தூரம் போவதற்குள் வெதுவெதுப்பாகிவிடும். குழாயைச் சுற்றிக் கட்ட கார்க்கைவிட நல்ல பொருள் வேண்டும் என்று எங்கள் கெமிஸ்ட் தேடிக்கொண்டிருந்தார். பெங்களூர்க்காரர், கன்னடம் பேசுகிறவர். எங்களோடு பழகித் தமிழும் நன்றாக வந்துவிட்டது. ஏரோஜெல் செய்து பார்க்கலாம், பெரும்பகுதி காற்றாலான அந்த லேசான பொருள் சூட்டை உள்ளே விடாது என்று ஒருநாள் சொன்னார். நான் அந்தப் பெயரை அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

வேலை புரியாத வேலையல்ல. சோடியம் சிலிகேட் கரைசலில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது கெட்டித் தயிர்போல உறையும். உப்புப் போகக் கழுவி, உள்ளே இருக்கும் தண்ணீருக்குப் பதிலாக ஆல்கஹாலை ஏற்ற வேண்டும். சும்மா காயவிட்டால் அது சுருங்கி, கண்ணாடிச் சில்லு மாதிரி ஆகிவிடும். சுருங்காமலிருக்க, தடித்த எஃகுக் கலத்தில் மூடி, ஆல்கஹால் திரவமா ஆவியா என்று பிரிக்க முடியாத சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் கொண்டுபோய், பிறகு மெல்ல வெளியே விட வேண்டும். எஃகுக் கலத்தை எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே கடைந்து கொடுத்தார்கள். அதை மணல்மூட்டைச் சுவருக்குப் பின்னால் வைத்துத்தான் சூடாக்குவோம்.

முதல் சில தடவை வந்தது வெறும் நொறுங்கல். பிறகு ஒரு தடவை உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு முழுதாக வந்தது. கையில் வைத்தேன், வைத்த மாதிரியே இல்லை. கறுப்பு மேசையின்மேல் அது புகைநீலமாகத் தெரிந்தது. கெமிஸ்ட் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “ஒடச்சிடுங்கம்மா, குழாயைச் சுத்தி நிரப்ப நமக்குத் தூள்தான் வேணும்” என்றார். எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் உடைத்தேன்.

குழாய்க்கு முன் சின்னதாகச் சோதிக்க, இரட்டைச் சுவர் வைத்த இரண்டு மரப்பெட்டிகள் செய்யச் சொன்னோம். ஒன்றின் சுவருக்குள் மரத்தூள், மற்றதில் ஏரோஜெல் தூள். பக்கத்துக் கடைவீதியான ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி, இரண்டிலும் ஒரே எடை போட்டு, காலை ஷிப்டுக்குப் போன அண்ணனின் கேங்கோடு கேஜ் என்ற லிஃப்டுக் கூண்டில் இறக்கினோம். ஷிப்ட் முடிந்ததும் மிச்சத்தை நிறுக்க வேண்டும்.

பெட்டிகள் மேலே வந்தபோது இரண்டும் காலி. கூடவே அண்ணனும் வந்தான்.

“ஐஸ் எங்கப்பா?” என்றார் கெமிஸ்ட்.

“மரத்தூள் பெட்டில தண்ணிதான் சார் இருந்துச்சு. கீழயே கொட்டிட்டோம்.”

“இன்னொண்ணு?”

“அதுல ஐஸ் இருந்துச்சு சார். துன்னுட்டோம்.”

“ஹௌதா, அப்படியா! எவ்வளவு இருந்தது?”

“கேங்குல எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு வந்துச்சு. இன்னா சார், அந்தச் சூட்டுல ஐஸக் கண்ல காட்டிட்டு நிறுக்கணும்னா யாரு வுடுவா?”

கெமிஸ்ட் கோபப்படவில்லை. மறுநாள் அந்தக் கேங் ஆட்களை வரவழைத்து, துண்டு எவ்வளவு பெரியது என்று கையால் காட்டச் சொன்னார். ஒருவர் எலுமிச்சம்பழ அளவு காட்டினார். அடுத்தவர் தேங்காய் அளவு. கெமிஸ்ட் குறித்துக்கொள்ளாமல் பேனாவை மூடிவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

அடுத்த சோதனைகளில் பெட்டிக்குப் பூட்டுப் போட்டோம். முதலில் கணக்கு நன்றாக வந்தது, எங்கள் பெட்டியில்தான் ஐஸ் அதிகம் மிஞ்சியது. போகப்போக எங்கள் பெட்டியும் மரத்தூள் பெட்டி மாதிரியே ஆகிவிட்டது. பலகையைப் பிரித்துப் பார்த்தால், தூள் ஈரமாகி அடியில் படிந்து கிடந்தது. கீழே காற்றெல்லாம் ஈரம். ஏரோஜெல் அதைக் குடித்துச் சரிந்துவிட்டது.

அதனால் தண்ணீர் ஒட்டாதபடி அதை மாற்ற வேண்டியிருந்தது. சிலிக்கன் சேர்மம் ஒன்றின் ஆவியைத் தூளுக்குள் செலுத்தினோம். அதிலிருந்து கிளம்பும் உப்பு அமில நெடி தொண்டையைப் பிடுங்கும். வெளியே ஓடிவந்து இருமிவிட்டுத் திரும்பப் போவேன். கடைசியில் அந்தத் தூளைத் தண்ணீரில் போட்டால் நனையாமல் மேலே மிதந்தது. ஆனால் தொட்ட விரல் வறண்டு வெடித்தது. அண்ணன் என் கையைப் பார்த்து, “இன்னாமா இது, நீ கீழ எறங்கினியா, நான் எறங்கினேனா?” என்றான்.

இந்தத் தூள் போட்ட பெட்டி மழைக்காலம் முழுக்கச் சரியாக வேலை செய்தது. ஆனால் எங்கள் கலம் ஒரு தடவைக்குக் கொடுத்தது ஒரு வாளித் தூள். குழாயோ ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழியின் அடிவரை போகிறது. மேலதிகாரிகள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு கார்க்கே போதும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை என்றே எனக்கும் பட்டது.

பெட்டியை முதலுதவி அறை கேட்டு வாங்கிக்கொண்டது. சூட்டில் மயங்கி விழுகிறவர்களுக்காக அதில் கீழே தினமும் ஐஸ் போனது. கெமிஸ்ட் அடுத்த வருஷம் பம்பாயில் வேலை கிடைத்துப் போனார். ஏரோஜெல்லைத் தொடர விருப்பமா என்று புதிதாக வந்தவர் கேட்டார். எனக்கு விரல்கள் ஆற வேண்டியிருந்தது. தங்கத்தின் தரம் பார்க்கும் பிரிவில் இடம் காலியாக இருந்தது; அங்கே போகிறேன் என்றேன்.