அப்பாவின் அச்சுக்கூடத்தில் ஒரு மத்தியானம்

பள்ளிக்கூடப் படிப்பு மட்டுமே உள்ள நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், கல்யாணக் கார்டு அடிக்கும் கடைக்குள் நுழைந்ததும் மை மணத்தது. யாழ்ப்பாணத்தில் வாரப் பத்திரிகை நடத்திய அப்பாவின் அச்சுக்கூடம் கண்முன் வந்தது.

நான் சிறுபிள்ளையாக அம்மாவோடு அங்கே நின்ற ஒரு மத்தியானம், துப்பாக்கியோடு இயக்கத்து இளைஞர்கள் இரண்டு பேர் வந்தார்கள். காணாமல் போன ஒரு வாத்தியாரைப் பற்றி அப்பா எழுதி, அச்சுக்குக் கோத்து வைத்திருந்த கட்டுரையைத் தேடி வந்திருந்தார்கள்.

“அண்ணை, நாளைக்கு வாற பேப்பரிலை அது இருக்கக்கூடாது.”

“ஓம் தம்பி, எழுத்தைக் கழட்டுறன். அந்த இடம் வெறுமையா வரும்.”

“வெறுமையா விட்டாச் சனத்துக்கு விளங்கியிடும். சமையல் குறிப்பு ஏதும் போடுங்கோ.”

அம்மா என் கையை நோகும்படி இறுக்கினார்.

“எனக்குச் சமைக்கத் தெரியாது, தம்பி. வெறுமையா விடக்கூடாதெண்டால் பேப்பரே வராது” என்றார் அப்பா. கட்டுரையின் ஈய எழுத்துகளைப் பெட்டியில் கொட்டினார். பிறகு இயந்திரத்தைத் துணியால் மூடினார். 

மறுநாள் பத்திரிகை வரவில்லை.