சீப்புக்கு ஒரு தலை

சீப்பின் பற்களைக் கட்டைவிரலால் ஒருமுறை மீட்டுவார். பிறகு கன்னத்தில் இழுத்துப் பார்ப்பார். அப்புறம் நிமிர்ந்து, பட்டறையில் யார் தலை அகப்படும் என்று கண்ணை ஓட்டுவார். சரியாக அந்த நேரத்தில் எல்லோருக்கும் வெளியே ஏதாவது வேலை வந்துவிடும்.

மரச்சீப்புப் பட்டறையில் பல் தேய்ப்பவர் அவர். பலகையை அறுப்பதும் பல் வெட்டுவதும் மெஷின். பற்களின் நடுவே உப்புத்தாளை விட்டு, பிசிறு போகத் தேய்த்து, எண்ணெய் தடவி வழவழப்பாக்குவது அவர் கை. அவர் தலையிலோ மருந்துக்கும் ஒரு முடி கிடையாது. "எல்லாம் சீவிச் சீவியே தீந்து போச்சு" என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். அதையே மற்றவர்கள் சொன்னால் கோபம் வரும்.

அவருக்கு வாய்த்த தலை மகளுடையது. இடுப்பைத் தாண்டிய முடி. புது மாதிரிச் சீப்பு எதுவானாலும் மாலையில் வீட்டுக்கு வந்துவிடும். மகள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் நின்று இவர் வாருவார். அவள் "ஆ" என்றால் அந்தப் பல்லில் பென்சிலால் ஒரு புள்ளி.

"முடி எனக்கு வளருதா, உங்க கம்பெனிக்கு வளருதாப்பா?"

"உனக்குத்தாம்மா. ஆராய்ச்சி மட்டும் கம்பெனிக்கு."

போன வாரம் அவள் பிடரி தெரிய வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். "தலை காயறதுக்குள்ள பஸ் போயிடுதுப்பா. ஆபீஸ்ல தினம் திட்டு."

"உங்கப்பாவுக்கு வேலை போன மாதிரி மூஞ்சியப் பாரு" என்றாள் மனைவி. ஏறக்குறைய அப்படித்தான். நெருக்கமான பல் வைத்த புதுச் சீப்பு கடைகளுக்குப் போகவிருந்த நேரம். பிசிறோடு போனால் அத்தனையும் திரும்பி வரும்; கூடவே அவர் பேரும் கெட்டு வரும்.

"கோவப்படாதீங்க. உங்களுக்குன்னு பார்லர்ல கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்று காகிதத்தில் சுற்றியிருந்த, வெட்டிய பின்னலை மகள் நீட்டினாள்.

மறுநாள் அதை மேசை ஓரத்தில் ஆணியடித்து மாட்டினார். "இனிமே கவலை இல்ல மாமா. இந்தத் தலை ஓடாது" என்றான் மெஷின்காரன். பின்னலைப் பிரித்து வாரினார். வழுக்கிக்கொண்டு போனது. வேண்டுமென்றே பிசிறுள்ள சீப்பைப் போட்டார். அதுவும் போனது. குத்துகிற பல்லும் குத்தாத பல்லும் அதற்கு ஒன்றுதான்.

"முடி மட்டும் இருந்து என்னய்யா பண்றது? ஆன்னு சொல்ல ஆள் வேணாமா?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் வழுக்கையிலேயே இழுத்துப் பார்த்தார். அங்கே எல்லாப் பல்லும் குத்தியது.

உழுத வயல்போல் உச்சந்தலையில் சிவப்புக் கோடுகளோடு வீடு வந்தார்.

"பூனையா?" என்றாள் மனைவி.

"வேலை."

மகள் அந்தக் கோடுகளைச் சற்று நேரம் பார்த்தாள். செல்போனை எடுத்துக்கொண்டு வந்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் பாருங்க. திரும்ப வளர்க்கச் சொல்லக் கூடாது."

"சொல்லலம்மா."

புதுச் சீப்பை உச்சியில் வைத்து மெல்ல இழுத்தார். முடி பிடரியோடு முடிந்துவிட்டது. சீப்பு நிற்கவில்லை. வெறும் காற்றை வாரிக்கொண்டு அவள் இடுப்பு வரை இறங்கியது.