மாமா திருப்பிக் கட்டிய தள்ளுபடி

ஏழாம் வகுப்பில் நான் முதன்முதலாக ஏறிய பேச்சுப்போட்டி மேடையில் என் உரையின் நாயகர் எங்கள் மாமா. அடுத்த ஆண்டு அதே மேடையில் அவரை உரையிலிருந்து நீக்கியவளும் நானே. இரண்டு உரைகளுக்கும் இடையில் நடந்ததைச் சொல்வது, இத்தனை கோப்பைகளை வாங்கி அடுக்கிய பிறகு, எனக்கு எளிதாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அப்படி இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா இறந்த பிறகு நாமக்கல்லில் எங்களோடு வந்து தங்கிவிட்டவர், லாரி ஓட்டுநர். அம்மா கோழிப்பண்ணையில் முட்டைகளைத் தரம் பிரித்து அட்டைகளில் அடுக்கும் வேலை பார்த்தார். மாமா தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். அவர் ஓட்டிய லாரியை முதலாளி விற்றுவிட, வேறு வண்டி கிடைக்காமல் அரை ஆண்டு வீட்டில் இருந்தார். தவணை நின்றது. சேலத்து நிதி நிறுவனத்திலிருந்து முதலில் தொலைபேசி வந்தது; பிறகு ஆட்கள் வந்தார்கள். வட்டியும் அபராதமும் ஏறி, பாக்கி நாற்பத்தெட்டாயிரம் ஆயிற்று.

மறுபடி வேலை கிடைத்ததும் அம்மா சீட்டெடுத்த பணத்தோடு மாமா சேலம் போனார். லாரி புக்கிங் ஆபீஸ்களில் வாடகை பேசிப் பேசித் தேறிய நாக்கு அவருடையது. ஒரு டன்னுக்கு இருபது ரூபாய் கூட்டிக் கேட்பதற்காக அரை நாள் பெஞ்சில் அமர்ந்திருப்பார், கூட்டாமல் எழமாட்டார். அதே முறையை அங்கும் கையாண்டார். மதியம் வரை பேசி, நாற்பத்தெட்டை முப்பதுக்கு இறக்கினார். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தந்தார்கள். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கையில் பரோட்டாப் பொட்டலத்தோடு வீடு வந்தார். பதினெட்டாயிரத்தை வாயாலேயே சம்பாதித்துவிட்டதாக அன்று வீடே கொண்டாடியது. கடிதத்தைப் பிரித்துப் படிக்க எவருக்கும் தோன்றவில்லை.

அந்த வாரம்தான் என் முதல் மேடை. தலைப்பு, சொல்லின் வலிமை. வாளால் வென்றவர்களை எல்லாரும் சொல்வார்கள் என்பதால், சொல்லால் பதினெட்டாயிரம் வென்ற ஒருவரை நான் அவையின் முன் நிறுத்தினேன். கூட்டம் சிரித்தது, கைதட்டியது. முதல் பரிசாக ஓர் எவர்சில்வர் குடம். விளையாட்டுத் திடலின் கடைசியில், காக்கிச் சட்டையோடு நின்ற மாமா, பக்கத்தில் இருந்தவரிடம் தம்மையே சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தது மேடையிலிருந்தே தெரிந்தது.

சில மாதங்கள் கழித்து மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. பிறர் லாரியை ஓட்டி மாதக்கணக்கில் வடக்கே அலைவதை விட்டுவிட்டுச் சிறிய வேன் ஒன்று வாங்கி, ராசிபுரம், சேந்தமங்கலம் கடைகளுக்கு முட்டை போடலாம். முன்பணமாக அறுபதாயிரம் சேர்த்துவிட்டார். மீதிக்கு வங்கிக் கடன். ஒரு விடுமுறை நாளில் என்னையும் அழைத்தார். அவர் பேச்சில் மடங்காத அதிகாரி யாராவது இருந்தால், என் பேச்சு தேவைப்படுமாம். நானும் அதை மறுக்கவில்லை.

கடன் பிரிவில் ஓர் அம்மையார் இருந்தார். மாமாவின் அடையாள அட்டைகளை வாங்கிக் கணினியில் எதையோ தட்டியவர், சற்று நேரம் திரையையே பார்த்தார். பிறகு அதை எங்கள் பக்கம் திருப்பினார். மோட்டார் சைக்கிள் கடன் முழுதாகக் கட்டி முடிக்கப்பட்டதாக அதில் இல்லை. பேசிக் குறைத்து முடிக்கப்பட்டது என்று இருந்தது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று பார்த்துப் போடும் ஸ்கோரும் தரையில் கிடந்தது. இந்த நிலையில் எந்த வங்கியும் கடன் தராது என்றார்.

மாமா வாய் திறக்குமுன் நான் எழுந்துவிட்டேன். சாய்ந்து அமர்ந்தால் குரல் எழாது என்பது மேடைப் பயிற்சியின் முதல் பாடம். கொடுத்தவர் கேட்ட தொகையைக் கொடுத்தவரே குறைத்துக்கொண்டார். குறைத்த தொகையை இவர் கட்டினார். கட்டியதற்குக் கடிதம் இருக்கிறது. இருவர் மனமொத்து முடித்த ஒன்றில் மூன்றாமவர் குறைகாண்பது எவ்வகை நீதி என்று கேட்டேன். பணம் எடுக்க வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கைதட்டவும் செய்தார். அந்த அம்மையார் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார்.

“நல்லாப் பேசற கண்ணு” என்றார். “அந்த மீதி பதினெட்டாயிரத்த யாரு கட்டுனாங்க?”

என் வாழ்வில் எதிரணியிடம் விடையின்றி உட்கார்ந்த முதல் நாள் அது. அவமானத்தில் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா மட்டும் மெல்லக் கேட்டார்.

“இது எத்தன நாளைக்குங்க இப்பிடியே நிக்கும்?”

“இப்பிடியே உட்டா ஏழு வருசத்துக்கு உங்க பேரோட ஒட்டிக்கிட்டு வருமுங்க.”

“ஏழா?”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மடியில் வைத்திருந்த கையின் விரல்களைக் கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கினார். உதடுகள் அசைந்தன. ஐந்தாவது விரலோடு நின்றுவிட்டார். அவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஒரு கைக்கு மேல் கணக்கு ஓடவில்லை போலும் என்று நினைத்து, அந்த அம்மையார் அதைக் கவனித்துவிடக் கூடாதே என்று நான் கூசிப்போனேன்.

“மீதியக் கட்டிப்போட்டா மாறுமுங்களா?” என்றார் மாமா.

மாறும் என்றார் அவர். ஆனால் மாறினால் மட்டும் போதாது. அதன் பிறகு சிறிது சிறிதாகக் கடன் வாங்கி, நாள் தவறாமல் கட்டிக் காட்ட வேண்டும். வேன் இப்போதைக்கு ஆகாது. மாமா கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார். வெளியே வந்து எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரமே வேனுக்குச் சேர்த்த பணத்திலிருந்து பதினெட்டாயிரத்தை எடுத்துக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினார். இம்முறை தரும் கடிதத்தைப் படிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார். பேருந்து ராசிபுரத்தைத் தாண்டும்வரை நான் வாதாடிக்கொண்டே வந்தேன். வென்ற பரிசைத் திருப்பிக் கொடுப்பவர் உலகில் உண்டா என்று கேட்டேன். சன்னலோரம் அமர்ந்திருந்தவர் சிரித்தார்.

நிதி நிறுவனத்தில் இருந்த இளைஞருக்கு இதை எப்படி வாங்குவதென்றே தெரியவில்லை. கணினியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

“அண்ணா, அது அப்பவே உட்டதுங்க. கணக்கு முடிஞ்சு போச்சு. நாங்க கேக்கவே இல்லீங்களே.”

“நீங்க கேக்கலீங்க தம்பி. பேங்குல கேக்கறாங்க.”

இளைஞர் பக்கத்து மேசைக்காரரிடம், வேண்டாம் என்றாலும் இவர் விடமாட்டேன் என்கிறார் என்று சொல்லிச் சிரித்தார். அந்த மேசை அதற்கடுத்த மேசைக்குச் சொன்னது. நான் தலை குனிந்து நின்றேன். பேசிப் பேசி ஒரு மதியத்தில் வென்றதை, அதே அறையில், அதே மனிதர்கள் முன், கெஞ்சித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என் நாயகர். பாக்கி ஏதுமில்லை, கடன் முழுதும் தீர்ந்தது என்ற கடிதத்தை வாங்க மாலை நான்காயிற்று. வரிக்கு வரி என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே எழுந்தார். பதிவு மாற மேலும் இரண்டு மாதம் பிடித்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தவை எனக்கு வேடிக்கையாக இருந்தன. கடன் வாங்காதே என்று மற்ற வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் ஒருவர் ஒழுங்காகக் கடன் வாங்கப் பழகிக்கொண்டிருந்தார். வங்கியில் பத்தாயிரத்தை வைப்பாகப் போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினார். மாதம் ஒரு முறை மட்டும் அதில் பெட்ரோல் போடுவார். கெடுவுக்கு ஐந்து நாள் முன்பே கட்டிவிடுவார். நாட்காட்டியில் அந்தத் தேதிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தார். பிறகு தவணையில் ஒரு மிக்ஸி வந்தது.

“இருக்கற மிக்ஸியே நல்லா ஓடுதேடா தம்பி, இதெதுக்கு?” என்றார் அம்மா.

“அரைக்கறதுக்கு இல்லக்கா, கட்டறதுக்கு.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பன்னிரண்டு தவணையும் முடியும்வரை அந்த மிக்ஸி பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

எட்டாம் வகுப்புப் போட்டியில் தலைப்பு, நான் போற்றும் மனிதர். அதைவிட வாகான தலைப்பு எனக்கு வாய்த்திருக்க முடியாது. நான் ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேசினேன். இரண்டாம் பரிசாக ஓர் எவர்சில்வர் தட்டு. கூட்டம் கலைந்ததும் கடைசி வரிசையிலிருந்து மாமா வந்தார். வண்டியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பாதி வழியில் இறங்கி வந்திருந்தார்.

“அருமையாப் பேசுன சாமி” என்றவர், என் கையிலிருந்த தட்டை வாங்கித் துடைத்துப் பார்த்தார். “இந்த வாட்டி மாமன்தான் வரல.”

தலைப்புக்குப் பொருந்தவில்லை என்றேன். ஆமாமா என்று தலையாட்டிக்கொண்டார்.

அவருக்கு வேன் கிடைக்க இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின. பழைய வண்டிதான்; வங்கிக் கடன்தான். இன்றும் அதில் முட்டை அட்டைகள் குலுங்காமல் சேந்தமங்கலம் போய்ச் சேர்கின்றன.

இந்த ஆண்டு எனக்குச் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக் கடனுக்கு அதே வங்கிக்குப் போனோம். அந்த அம்மையார் மாறுதலாகிப் போயிருந்தார். இளைஞர் ஒருவர் இருந்தார். எனக்கு வயது பதினேழு. என்னோடு சேர்ந்து பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்றார். அம்மாவின் பெயரைத் தட்டினார். திரையில் ஒன்றுமே இல்லை. வாழ்நாளில் வங்கியில் ஒரு ரூபாய் கடன் வாங்காத அம்மாவை வங்கிக்குத் தெரியவில்லை. பிறகு மாமாவின் பெயரைத் தட்டினார். மோட்டார் சைக்கிள், கார்டு, மிக்ஸி, வேன் என்று வரிசையாக வந்தன.

“ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க” என்றார். “இவங்க ஒருத்தர் போதுமுங்க.”

மாமா பேனாவைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தம் பெயரை எழுதினார். மொத்தம் பதினோரு இடங்கள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் எழுந்தேன். முதல் சொல்லே வரவில்லை.

“மைக் இல்லீன்னா பேச்சு வராதா சாமி?” என்று கேட்டுவிட்டு அடுத்த தாளைத் திருப்பினார்.

கையெழுத்திட்ட அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அதே மேசைக்கு முன்னால் ஐந்தாவது விரலோடு அது நின்றுபோன நாள் நினைவுக்கு வந்தது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அன்று நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன்; கல்லூரிக்கு ஐந்தே ஆண்டுகள். எண்ணத் தெரியாமல் அவர் நிற்கவில்லை.