பாப்பா மைக் மைக்

முப்பத்தோரு ஆண்டுகளாக, ஒரு நாளைக்குச் சுமார் நானூறு தடவை, அவர் மைக்கைப் பிடித்துப் பேசியிருக்கிறார். ஒரு தடவைகூட யாரும் பதில் சொன்னதில்லை.

பஸ் நிலையத்தின் முதல் மாடியில், கண்ணாடி வைத்த சின்ன அறை. மேசையில் நேர அட்டவணை, தண்ணீர் பாட்டில், கழுத்து நீண்ட மைக். எந்த வண்டி எந்த மேடையில், எது கிளம்புகிறது, எது அரை மணி தாமதம், யாருடைய பச்சைப் பை டிக்கெட் ஜன்னலில் கிடக்கிறது என்று அவர் சொல்லுவார். எதையும் இரண்டு தடவை சொல்லுவார், அதுதான் அங்கே விதி. இரைச்சலில் முதல் தடவை பாதிப் பேர் காதில் ஏறாது. நாளடைவில் அந்த விதி வீட்டுக்கும் வந்துவிட்டது. "சோறு போட்டாச்சு, சோறு போட்டாச்சு" என்றுதான் கணவரைச் சாப்பிடக் கூப்பிடுவார். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் அந்த மனிதர், "எந்த மேடையில?" என்று கேட்டபடியே எழுந்து வருவார்.

கண்டக்டர்களுக்கு அவர் 'மைக் அக்கா'.

ரேடியோ அவர் வாழ்க்கைக்குள் வந்தது பல் வலியோடு. போன வருடம் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. நாற்காலியில் மல்லாந்து, வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு கிடந்தபோது, பல் டாக்டரின் அலமாரியிலிருந்த கையடக்க ரேடியோப் பெட்டி ஒன்று கரகரத்தது. யாரோ ஒரு லாரிக்காரர் பேசினார். டாக்டர் துளையிடும் கருவியைக் கீழே வைத்து, பெட்டியை எடுத்துப் பட்டனை அமுக்கி இரண்டு வார்த்தை சொன்னார். லாரிக்காரர் பதில் சொன்னார்.

"அ... ஆ... உ?" என்றார் அவர், பஞ்சு வழியாக.

"வலிக்குதாக்கா?"

அவர் தலையை ஆட்டிப் பெட்டியைக் காட்டினார். வலியெல்லாம் எங்கோ போயிருந்தது. மைக்கில் பேசினால் பதில் வரும் என்பதை அன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

டாக்டர்தான் ஊரின் அமெச்சூர் ரேடியோ குழுவுக்குப் பொறுப்பாளர். பரீட்சை உண்டு, பாஸ் செய்தால் உரிமம் கிடைக்கும், உரிமத்தோடு ஒரு அழைப்புக்குறியும் வரும் என்று விளக்கினார். மின்சாரச் சூத்திரங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி நேர அட்டவணைக்கு அடியில் செருகிவைத்து, இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே அவர் படித்தார். முதல் தடவை மூன்று மதிப்பெண்ணில் கோட்டை விட்டார். இரண்டாம் தடவை பாஸ். ஐம்பத்திரண்டு வயதில் கையில் உரிமம்.

ரேடியோவில் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல் உண்டு, காதில் குழம்பாமல் இருக்க. பி என்றால் பாப்பா, எம் என்றால் மைக். அவருக்கு வந்த அழைப்புக்குறியின் கடைசி மூன்று எழுத்துகள் பி, எம், எம்.

"பாப்பா மைக் மைக்" என்று சத்தமாகப் படித்தார் கணவர். "மைக்னு லைசென்ஸ் ஆபீசுக்கு யாரோ சொல்லிட்டாங்க போல. பாப்பான்னு எவன் சொன்னான்?"

"வயிறு எரியுதா?"

"எரியாம? என்னை யாரும் பாப்பான்னு கூப்பிட்டதில்லையே."

மைக் அக்கா வாங்கிய கை ரேடியோவின் சக்தி இரண்டு தெரு தாண்டினால் பெரிய விஷயம். அதற்குத்தான் ரிப்பீட்டர். ஊருக்கு வெளியே குன்றின் மேல் குழு வைத்திருக்கும் நிலையம் அது. கீழேயிருந்து வரும் மெல்லிய குரலைக் காதில் வாங்கி, அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும். அறுபது கிலோமீட்டருக்குக் கேட்கும். "பேச ஒரு அலைவரிசை, கேக்க ஒண்ணு, கதவு தட்ட ஒரு டோன். மூணும் சரியா இருந்தாத்தான் அது உங்கள உள்ள விடும்" என்று டாக்டர் பெட்டியில் எண்களைப் பதிந்து கொடுத்தார்.

"யாரோ சொன்னதை உரக்கச் சொல்றதுதானே? என் வேலைதான். சம்பளம் குடுக்கறீங்களா அதுக்கு?" என்றார் இவர்.

முதல் நாள் மொட்டைமாடியில் நின்று பட்டனை அமுக்கி, தன் பெயர், உத்தியோகம், குடும்பம், பல் வரலாறு எல்லாவற்றையும் தலா இரண்டு தடவை சொன்னார். ரிப்பீட்டருக்கு மூன்று நிமிடக் கணக்கு. அதற்கு மேல் ஒருவரே பேசினால் வாயை மூடிவிடும். அது மூடியது அவருக்குத் தெரியவில்லை. இன்னும் நான்கு நிமிடம் பேசிவிட்டுத்தான் விரலை எடுத்தார்.

"ஸ்டேஷன், நீங்க பேசினதுல பாதி குன்றுக்கே போகலைங்க" என்றது ஒரு குரல். அன்றைக்குப் பல் டாக்டரோடு பேசிய அதே லாரிக்காரர். ரேடியோவில் பேசுகிற ஒவ்வொருவரையும் 'ஸ்டேஷன்' என்றுதான் கூப்பிடுவார்கள். "மிச்சப் பாதியும் ரெண்டு தடவை வந்துச்சு."

பதில் வந்துவிட்டது. அவர் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த மாதம் முழுக்க ஒரே இலக்கு. ஊரில் நூற்றிருபது கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம் வரவிருந்தது. வழி நெடுக அமையும் கண்காணிப்பு முனைகளில் ரேடியோ குழுதான் தகவல் தொடர்பு. யார் விழுந்தார், யாருக்குத் தண்ணீர் வேண்டும், கடைசி சைக்கிள் எங்கே என்று சொல்ல வேண்டும். அவர் ஒரு முனை கேட்டார். டாக்டர் புதியவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ரிப்பீட்டர் வழியாகப் பத்து வெவ்வேறு ஆட்களுடன் பேசியிருக்க வேண்டும், இரு தரப்புக் குறிப்பேட்டிலும் அழைப்புக்குறி ஒன்றுபோல இருக்க வேண்டும். கெடு, பந்தயத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை மாலை ஆறு மணி. ஆறுக்குப் பட்டியல் பந்தயத்தை நடத்துபவர்களுக்குப் போய்விடும்.

பஸ் நிலையம் முழுக்கச் சொல்லிவிட்டார், "ஞாயித்துக்கிழமை நான் ரோட்டுல" என்று. சொன்னதும் இரண்டு தடவை.

வெள்ளிக்கிழமைக்குள் பத்துப் பேரோடும் பேசி முடித்துவிட்டார். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தலைநிமிர்ந்து டாக்டரிடம் போனார். டாக்டர் மற்றவர்கள் அனுப்பிய பக்கங்களை எதிரே வைத்துப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"அக்கா, இதுல உங்களோட பேசினதா ஒருத்தர்தான் எழுதியிருக்காரு. அது நான்."

"மத்த ஒம்பது பேரு?"

"அவங்க பாப்பா மைக்கோட பேசியிருக்காங்க. ஒரே ஒரு மைக்."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. வணக்கத்தை இரண்டு தடவை, ஊரை இரண்டு தடவை, வானிலையை இரண்டு தடவை சொல்லுகிற பெண் 'மைக் மைக்' என்றால், கேட்பவர் என்ன நினைப்பார்? இதையும் இரண்டு தடவை சொல்லுகிறார் என்றுதான். ஒன்பது பேரும் ஒரு மைக்கைக் கழித்துவிட்டு எழுதியிருந்தார்கள். போதாக்குறைக்கு, பாப்பா மைக் என்ற அழைப்புக்குறி உண்மையிலேயே ஒருவருக்கு இருந்தது. அவர் டயர் கடைக்காரர். மூன்று வருடமாகப் பெட்டியைத் தொடவில்லை.

"தொடாமலே ஒம்பது சேத்துட்டாரு" என்று டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சிரிங்க சிரிங்க. திருத்தி எழுதச் சொல்லுங்க அவங்கள."

"அது முடியாதுக்கா. ஞாயித்துக்கிழமை ரோட்டுல ஒருத்தன் விழுந்து, ரெண்டாம் முனையா இருபத்திரெண்டாம் முனையான்னு தெரியலைன்னா ஆம்புலன்ஸ் எங்க போகும்? மறுபடி பேசுங்க. ஒரே தடவை சொல்லுங்க."

"ஒரே தடவை சொன்னா எவன் காதுல விழும்?"

"விழலைன்னா அவங்களே கேப்பாங்க. பஸ் நிலையத்துல கேக்க முடியாது. இங்க முடியும்."

சனிக்கிழமை வேலை இரண்டு மணிக்கு முடிந்தது. கடைசி அறிவிப்பை ஒரே தடவை சொல்லிப் பார்த்தார். கீழேயிருந்து டிக்கெட் பரிசோதகர் மாடியை அண்ணாந்து பார்த்தார், கரண்ட் போய்விட்டதோ என்று. மூன்று மணிக்கு மைக் அக்கா வீட்டு மொட்டைமாடியில் இருந்தார். கணவர் பக்கத்தில் ஒரு மேசை விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் ஆளுக்கு நாக்கு பழைய பாதையில் ஓடியது. வணக்கம் இரண்டு தடவை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார். இரண்டாம் ஆள் ஒரு கிரேன் ஓட்டுநர், பதினான்காம் மாடி உயரத்தில் கேபினுக்குள் இருந்து பேசினார்.

"பாப்பா, மைக், மைக். எம் எழுத்து ரெண்டு. எத்தனை எழுதினீங்க?" என்று மைக் அக்கா கேட்டு, விரலை எடுத்து, காத்திருந்தார். காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த இரண்டு நொடிக்குள் நான்கு வண்டிகளைக் கிளப்பிவிடலாம்.

"ரெண்டு எழுதிட்டேன். அக்கா, நீங்கதானா? குரல் அதேதான், அளவு குறைஞ்சிருக்கு."

பேக்கரிக்காரர் ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர், லாரிக்காரர் என்று ஐந்து மணிக்குள் எட்டுப் பேர். டாக்டரையும் சேர்த்தால் ஒன்பது. ஒன்று பாக்கி. பட்டியலில் மிச்சமிருந்த செவிலியர் பணியில் இருந்தார், பெட்டியை எடுக்க முடியாது. மைக் அக்கா பொதுவாக எல்லோரையும் அழைத்தார். யாரும் இல்லை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அழைத்தார். ரிப்பீட்டர் தன் வாலைக் கரகரவென்று ஆட்டிவிட்டு அடங்கியது. ஐந்து இருபது. ஐந்து இருபத்தைந்து.

"என்ன, கம்முனு இருக்கே. உடம்பு சரியில்லையா?" என்றார் கணவர்.

"ஸ்... கேட்டுட்டு இருக்கேன்."

"நீயா?"

ஐந்தரைக்குக் கரகரப்புக்குள் ஏதோ இருந்தது. வார்த்தையின் வால் மட்டும். "...மியோ... டாங்கோ..." பிறகு ஒன்றுமில்லை. பத்து நொடி கழித்து மறுபடியும் அதே, இன்னும் தயங்கி. அந்த ஆள் பட்டனை அமுக்கிய கையோடு பேசுகிறார், வார்த்தையின் தலை வெட்டுப்படுகிறது என்று அவருக்குப் பிடிபட்டது.

"மியோ, டாங்கோ சொன்ன ஸ்டேஷன், உங்க குரல் கேக்குது. பட்டனை அமுக்கி, ஒரு மூச்சு விட்டுட்டு அப்புறம் பேசுங்க."

மைக் அக்கா மனதுக்குள் பத்து வரை எண்ணினார். விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. அமுக்கவில்லை.

"ரோமியோ ரோமியோ டாங்கோ" என்றது குரல், மூன்று எழுத்தும் முழுசாக. முடிதிருத்துபவர். உரிமம் புதன்கிழமை வந்ததாம். கடையைப் பாதி சாத்திவிட்டு மூன்று நாளாக முயல்கிறாராம். "யாருக்கும் கேக்கலைன்னு நெனச்சு இப்பத்தான் அணைக்கப் போனேங்க. நீங்க யாரு?"

"பாப்பா, மைக், மைக்."

"மைக் ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு. உங்க ரோமியோ?"

"அதுவும் ரெண்டுதாங்க."

இருவரும் எழுதினார்கள். ஐந்து நாற்பத்தொன்று. கணவர் விசிறியை மாட்டாமல் ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாக் கேட்டுச்சு" என்று குறுக்கே வந்தது டாக்டரின் குரல். "ரெண்டு ரோமியோ, ரெண்டு மைக். எழுதிக்கிட்டேன். அக்கா, உங்களுக்கு ஏழாம் முனை."

ஏழாம் முனை பாலத்துக்கு அடியில், மருந்துக் கடைக்கு எதிரே. ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு இரண்டு பேட்டரியோடு அங்கே நிற்க வேண்டும்; முதல் சைக்கிள் ஆறு இருபதுக்கு வரும்.