பீவர் தோலுக்குச் சீயாக்காய்

ஊத்தையான எதையும் கழுவினால் அதன் மதிப்புக் கூடும் என்றுதான் ஐம்பத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தேன். ஒரு மனிதன் இப்படி நம்புவதில் பெரிய ஆபத்தில்லை, அவன் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்யாதவரை.

மொன்றியலில் கால்வாய்க்கரையோரம் ஒரு பழைய கற்கட்டடம். பிரெஞ்சுக்காரர் வந்து குடியேறிய காலத்துத் தோல் வியாபாரத்தைக் காட்டும் சின்ன அருங்காட்சியகம் அதற்குள் இருக்கிறது. அப்போது நான் சேர்ந்து நான்கு மாதம். ஆறாவது மாதம்தான் நிரந்தரமாக்குவார்கள். பின்னேரம் சனம் போனபின் பனியின் நீல வெளிச்சம் சன்னலால் இறங்கும். செப்புக் கேத்தல்களும் கம்பளிப் போர்வைகளும் மரப்பட்டை ஓடமும் அதில் மெல்ல மிதப்பதுபோலத் தோன்றும். நான் தும்புத்தடியை ஊன்றியபடி பார்த்துக்கொண்டு நிற்பேன். அதற்கும் சம்பளம் தந்தார்கள்.

அங்கே ஒரு மேசையில், வருகிறவர்கள் தொட்டுப் பார்க்க, ஆற்றில் அணைகட்டி வாழும் பீவர் என்ற விலங்கின் தோல் ஒன்று கிடந்தது. முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. என் பொறுப்பிலுள்ள அறையில் இப்படி ஒன்றா? சனிக்கிழமை அதைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிறும் திங்களும் பூட்டு; செவ்வாய் திறக்கும்போது எல்லாரும் அசந்துபோவார்கள், வேலையும் நிரந்தரமாகும் என்று கணக்கு.

ஞாயிறு காலை குளியல்தொட்டியில் சீயாக்காய் கரைத்து மூன்று தண்ணீரில் அலசினேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ரை தலைக்கு ஒருநாளும் இப்பிடித் தேய்ச்சு விட்டதில்லை."

தோலை ஹீட்டருக்கு மேலே காயப்போட்டுச் சீப்பால் வாரினேன். மயிர் பஞ்சாய் எழும்பியது. வாரவாரக் கண் செருகியது. பனி உருகிய ஆற்றில் ஓடங்கள் தோல்கட்டுகளோடு வந்துகொண்டிருந்தன. கரையில் ஊரே நின்றது. போர்வையும் கேத்தலும் கைமாறின; யாரோ சிரித்தார்கள்; எல்லாவற்றின் மேலும் சீயாக்காய் வாசம்.

"அப்பா, இதைக் கழுவினீங்களா?"

மகள். மேசையில் இருந்த பிரெஞ்சு விளக்க அட்டையைப் படமெடுத்து வைத்திருந்தேன். அதை என் போனில் வாசித்துக்கொண்டிருந்தாள். இந்த நிலத்தின் முதற்குடி மக்கள் இப்படியான தோலை மயிர்ப்பக்கம் உடம்பில் படும்படி இரண்டு மாரி, அதாவது இரண்டு பனிக்காலம், உடுத்தியிருப்பார்களாம். வியர்வையும் உடல் எண்ணெயும் ஊறி, முரட்டு மயிர் உதிர்ந்து, மெல்லிய அடிமயிர் மட்டும் மிஞ்சுமாம். தொப்பி செய்கிறவர்களுக்கு அதுதான் வேண்டுமாம். சுத்தமான புதுத் தோலுக்கு விலை குறைவு.

"அந்த ஊத்தைதான் அப்பா விலை," என்றாள்.

முந்நூறு வருடத்து வியர்வையைத் தொட்டி ஓட்டையால் அனுப்பிவிட்டேன். வேலை போய்விட்டது என்று முடிவுகட்டினேன். பிறகு மூளை வேறுபக்கம் ஓடியது: வியர்வைதானே, என்னிடம் இல்லாததா? தோல் காய்ந்ததும் அதை நெஞ்சில் கட்டி, மேலே ஜாக்கெட் போட்டு, வீட்டின் வெளிப்படிகளில் ஏறி இறங்கினேன். பக்கத்து வீட்டுக்காரரின் பனியையும் வழித்துக் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர் என்று என்னை இன்றுவரை நினைக்கிறார்.

மனைவி கதவைத் திறந்தாள்.

"ரெண்டு மாரி எடுக்குமாம். நீங்கள் சாப்பாட்டுக்கு முன்னம் முடிக்கப் பாக்கிறியள்."

"கொஞ்சமாவது ஊறுதோ எண்டு மணந்து பாரும்."

"உங்களைத்தான் மணக்குது. தோல் நல்ல வாசமாத்தான் இருக்கு. போய் உள்ளதைச் சொல்லுங்கோ."

செவ்வாய் காலை மெற்றோவில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த பிரெஞ்சு மன்னிப்புகளையெல்லாம் வரிசைப்படுத்தினேன். மூன்றுதான் இருந்தன. பொறுப்பாளரம்மாவின் மேசையில் தோலை வைத்து, மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் அதை முகத்தருகே கொண்டுபோய், இது என்ன வாசம் என்று கேட்டார்.

அந்தத் தோல் போன வருடம் ஒரு வேட்டைக்காரரிடம் வாங்கியதாம். பிசுக்கு, உடுத்திய தோல்போலத் தெரியப் பொறுப்பாளரம்மாவே தன் கையால் பூசிய பன்றிக்கொழுப்பாம். அன்று பத்து மணிக்குக் கதவு திறக்குமுன் இன்னொரு கை கொழுப்பு எடுத்துப் பூசினார். இரண்டு மாதம் கழித்து என்னை நிரந்தரமாக்கினார்கள்.