ரொமான் என்றால் நாவல்

டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் எனக்குப் பிரெஞ்சுப் பேச்சுப் பரீட்சை வந்தது. தேறினால்தான் நாட்டில் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதி முடிய இரண்டே மாதம். தவறினால் பெட்டியோடு பெட்டியாக நானும் ஏற வேண்டியதுதான்.

பிரெஞ்சு வகுப்பில் சீட்டெடுக்கச் சொல்லிப் பரீட்சைக்கான தலைப்புத் தந்தார்கள். எனக்கு வந்தது "லார் ரொமான்". லார் என்றால் கலை, அது தெரியும். மற்றதைப் பியர்பொன்ட்ஸில் இருக்கும் அண்ணையிடம் கேட்டேன்.

"ரொமான் எண்டால் நாவலடா. உது தெரியாமலே நான் இஞ்ச இருபது வருசமா இருக்கிறன்?"

அகராதியும் அவர் பக்கமே நின்றது. இரண்டாவது பொருளையும் பார்த்திருக்கலாம். எனக்கு எதிலும் அவசரம். நாவல் கலை பற்றிப் பத்து வாக்கியம் எழுதி, பஸ்ஸில் முணுமுணுத்தே பாடமாக்கினேன்.

பரீட்சகர் நரைத்த தலைப் பெண்மணி. மேசையில் ஒரு படம் கிடந்தது: பழைய தேவாலய வாசல், தடித்த சுவர், மேலே அரைவட்ட வளைவு, அதற்குள் நெருக்கியடித்தபடி கல்லில் செதுக்கிய மனிதர்கள். எனக்கு முன்னால் போனவருடைய படமாக்கும் என்று நினைத்துத் தொடங்கிவிட்டேன்.

நல்ல ரொமானில் கதாநாயகன் நடுவில் இருப்பான் என்றேன். தலையாட்டினார். படத்தின் நடுவில் யேசு பெரிதாக வீற்றிருந்தார். சின்னப் பாத்திரங்கள் சுற்றி வர வேண்டும் என்றேன். அதற்கும் தலையாட்டினார். முடிவை யாரும் ஊகிக்கக் கூடாது என்றேன். பேனா நின்றது. இது உலக முடிவில் கடவுள் வழங்கும் இறுதித் தீர்ப்பு, இதன் முடிவு எல்லோருக்கும் தெரியுமே என்றார். ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன், எழுத்தறியாத சனங்களுக்கு அதைச் சொல்லத்தானே வாசலிலேயே செதுக்கினார்கள் என்றும் கேட்டார்.

அந்தக் காலத்துத் தேவாலயக் கலைக்கும் ரொமான் என்றுதான் பெயராம். அண்ணையை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். மீதி ஏழு வாக்கியமும் வீண். என்னிடம் மிஞ்சியது விமான நிலையத்துப் பிரெஞ்சு மட்டும்.

படத்தை உற்றுப் பார்த்தேன். சிறகு வைத்த தேவதூதர் ஆத்மாக்களைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார். ஒரு பேய் தட்டைக் கீழே இழுத்தது. நிறையில் மோசடி நடக்கிறது, மேலாளரைக் கூப்பிட வேண்டும் என்றேன். ஒரு பக்கம் சொர்க்கத்துக்கான வாயில், வரிசை ஒழுங்காகப் போகிறது. மறுபக்கம் நரகம், அங்கே ஊழியர்கள் பயணிகளைத் தூக்கி எறிகிறார்கள், முறைப்பாடு செய்யலாம் என்றேன். பரீட்சகர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு, இவர்களில் யாரையாவது வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவார்களா என்று கேட்டார்.

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் மூலை முடுக்கெல்லாம் தேடினேன். அப்படி ஒரு வாயிலை யாரும் செதுக்கியிருக்கவில்லை. எனக்கு அந்தக் கல் மனிதர்கள்மேல் பொறாமை வந்தது, கூடவே வெட்கமில்லாமல் அழுகையும் வந்தது.

"இல்லை, மதாம். இங்கே நரகத்துக்குப் போகிறவனுக்குக்கூட நிரந்தர அனுமதிதான்."

அவர் சிரிக்கவில்லை. தாளில் எதையோ எழுதி முடித்து, தேறிவிட்டீர்கள் என்று மெல்லச் சொன்னார்.

எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆனாலும் விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டேன்.